பழக்கிய வாரியல்

இரவு பத்து மணிக்கு விளக்கை அணைத்துவிட்டுப் படுக்கப் போகும்போது உள்ளங்காலில் அது தட்டுப்படும். மணல் என்று சொல்ல முடியாது, மணல் குத்தும். இது குத்தாது. மாவு மில்லுக்குள் வெறுங்காலோடு நடந்தால் எப்படி இருக்குமோ அப்படி ஒரு மெத்தென்ற சொரசொரப்பு. காலையில் பெருக்கி, பிறகு ஈரத்துணியால் துடைத்து, விளக்கு வைப்பதற்கு முன் இன்னொரு தடவையும் பெருக்கிய தரை அது. கட்டிலில் உட்கார்ந்து இரண்டு பாதங்களையும் ஒன்றோடொன்று தேய்த்துத் தட்டிவிட்டுத்தான் காலை மேலே தூக்க வேண்டும். ஆனி பிறந்தால் ஆவணி பாதி வரை எங்கள் வீட்டில் இதுதான் நிலவரம். இந்த வீட்டில் 26 வருஷமாகக் குடியிருக்கிறோம். அத்தனை வருஷமும் இப்படித்தான் இருந்திருக்க வேண்டும். எனக்குத் தெரிய வந்தது என்னவோ போன வருஷம்தான். போன வருஷம்தான் துடைப்பம் என் கைக்கு வந்தது.

பின்கட்டில் துவைகல் பக்கம் பாசி வழுக்கி விழுந்ததில் என் மனைவிக்கு வலது மணிக்கட்டு எலும்பு முறிந்துவிட்டது. ஆறு வாரம் மாவுக்கட்டு. முதல் மூன்று வாரம் பாளையங்கோட்டையில் அவள் தங்கை வீட்டில் இருந்தாள். பிள்ளைகள் வெளியூரில். நான் ஓய்வு பெற்றவன், கைகால் நன்றாக இருப்பவன். சமையலுக்கு ஒரு வழி செய்துகொண்டேன். பெருக்குவதை ஒரு வேலையாகவே நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. துடைப்பத்தை எடுத்தோம், நாலு வீச்சு வீசினோம், முடிந்தது என்ற நினைப்பு.

எங்கள் பக்கத்தில் துடைப்பத்துக்கு வாரியல் என்று பெயர். பெருக்குவதைத் தூத்துவது என்போம். 'வாசலைத் தூத்து' என்றால் வடக்கத்தி ஊர்களில் இருந்து வாழ வந்த மருமகள்கள் முதலில் விழிப்பார்கள், ஒரு மாதத்தில் அவர்களும் தூத்தத் தொடங்கிவிடுவார்கள். விளக்குமாறு என்ற சொல்லும் உண்டு. எங்கள் வீட்டில் பெருக்குவதற்கு வாரியல், ஏசுவதற்கு விளக்குமாறு. 'வாரியல் பிய்ந்துவிடும்' என்று யாரும் ஏசிக் கேட்டதில்லை. அந்தச் சொல்லில் அவ்வளவு வேகம் இல்லை.

காற்று கொண்டுவருவது

வள்ளியூருக்கும் பணகுடிக்கும் இடையில் ஒரு சிற்றூர் எங்களுடையது. மேற்கே மலை. அந்த மலைத்தொடர் ஆரல்வாய்மொழியில் கொஞ்சம் இடைவெளி விட்டிருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று கேரளத்தில் மழையைக் கொட்டித் தீர்த்துவிட்டு, அந்தக் கணவாய் வழியாக வெறுங்கையோடு எங்கள் பக்கம் பாய்கிறது. முப்பந்தலிலும் காவல்கிணற்றிலும் ராதாபுரத்திலும் காற்றாலைகள் காடாக நிற்பது இந்தக் காற்றை நம்பித்தான். எங்களுக்கு மழை ஐப்பசியிலும் கார்த்திகையிலும்தான். ஆனியில் குளங்கள் வற்றிப் பிளந்து, பிளவுகளின் ஓரத்தில் வண்டல் பொடிந்து கிடக்கும். உழுது போட்ட செம்மண் காடுகள் விதைப்புக்குக் காத்திருக்கும். போதாததற்கு, கல்லுடைக்கும் ஆலைகளின் வெள்ளைத் தூசி வேறு. இத்தனையையும் அள்ளிக்கொண்டுதான் காற்று கிழக்கே போகிறது. வழியில் எங்கள் வீட்டுக்குள்ளும் ஒரு தடவை நுழைந்துவிட்டுப் போகிறது. 2019இல் எங்கள் திருநெல்வேலி மாவட்டத்தைப் பிரித்துத் தென்காசியைத் தனியாகக் கொடுத்தபோது, குற்றாலச் சாரலை அவர்கள் எடுத்துக்கொண்டு புழுதியை நமக்கு விட்டுவிட்டார்கள் என்று என் மைத்துனர் சொன்னார். பாகப்பிரிவினையில் ஏமாந்தவர்களுக்கே உரிய குரலில்தான் அதைச் சொன்னார்.

இந்தப் புழுதியில் இரண்டு சாதி உண்டு என்பது பெருக்கத் தொடங்கி ஒரு வாரத்தில் பிடிபட்டது. ஒன்று, வாரியலுக்கு முன்னால் உருண்டு ஓடுவது. அது வெறும் மணல். எந்தத் துடைப்பத்துக்கும் அடங்கும். மற்றது உருளாது. வாரியல் வந்தால் எழும்பும், போனால் உட்காரும். நம் தலைமுடியின் பருமன் 70 மைக்ரான் அளவுக்கு இருக்கும். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. பத்து மைக்ரான் அளவுள்ள மண்துகள் ஒரு மீட்டர் உயரத்துக்கு எழும்பிவிட்டால், காற்று அசையாத அறையில்கூடத் தரைக்கு வந்து சேர ஏறக்குறைய இரண்டு நிமிடம் ஆகும். ஒரு மைக்ரான் துகளென்றால் மூன்று மணி நேரம் போலப் பிடிக்கும். அதாவது, காலை ஏழு மணிக்கு நான் கிளப்பிவிட்ட தூசி, பத்து மணிக்கு நான் செய்தித்தாள் படித்துக்கொண்டிருக்கும்போது சத்தமில்லாமல் இறங்கிக்கொண்டிருக்கும். மின்விசிறி சுற்றினால் பத்து மணிக்கும் இறங்காது. நான் வியர்க்கிறதே என்று விசிறியைப் போட்டுக்கொண்டுதான் முதல் ஒரு வாரம் பெருக்கினேன்.

ஆச்சி காலத்தில் இந்தத் தொல்லை இருந்திருக்காது. மண் தரையைச் சாணம் கரைத்து மெழுகுவார்கள். வந்து விழுகிற தூசி ஈரத்தில் ஒட்டித் தரையோடு தரையாகிவிடும். வாசலில் தண்ணீர் தெளித்துவிட்டுத்தான் வாரியலை வைப்பார்கள். புழுதி எழும்பாமல் இருக்கத் தெளித்த தண்ணீர்தான் பிறகு சடங்காகிவிட்டதோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. சின்ன வயதில் ஒரு ஜவுளிக்கடையில், காலையில் கடை திறந்ததும் ஈரமான மரத்தூளைத் தரையெங்கும் தூவிப் பெருக்குவதைப் பார்த்திருக்கிறேன். துணியில் தூசி படியக் கூடாது என்பதற்காகச் செய்தார்கள். எங்கள் வீட்டில் மண் தரைக்குப் பிறகு காவி பூசிய சிமெண்டுத் தரை வந்தது. அதிலும் சின்னச் சின்ன மேடு பள்ளங்கள் இருந்தன. தூசி அங்கே போய் அமர்ந்துகொள்ளும், நம் கண்ணை உறுத்தாது. கடைசியாக, கண்ணாடி போல மின்னும் டைல்ஸ் வந்தது. இந்தத் தரைக்கு எதையும் மறைக்கத் தெரியாது. சாயங்கால வெயில் மேற்கு ஜன்னல் வழியாகத் தாழ்வாக விழும்போது, நான் பெருக்கிய ஒவ்வொரு வீச்சும் அரைவட்டம் அரைவட்டமாகத் தரையில் தெரியும். பெருக்கியதற்கு அத்தாட்சி போலவும் இருக்கும், பெருக்காததற்கு அத்தாட்சி போலவும் இருக்கும்.

வாங்குகிறவன் பார்வை

இந்த வீட்டுக்கு இதுவரை வந்த எல்லா வாரியலையும் நான்தான் வாங்கினேன். அதில் எனக்கு ஒரு பெருமையும் உண்டு. நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டத்துக்குப் போனால் டவுன் ரத வீதியில் ஒரு சோடி வாங்காமல் திரும்பமாட்டேன். பூவாரியல் வாங்கும்போது பார்க்க வேண்டியவை எல்லாம் எனக்கு அத்துப்படி. காம்பு பசுமஞ்சள் நிறமாக இருக்க வேண்டும். பழுப்பேறியிருந்தால் பழைய சரக்கு, ஒடியும். கழுத்தைப் பிடித்து அழுத்தினால் அமுங்கக் கூடாது. அமுங்கினால் உள்ளே குட்டைக் காம்புகளைத் திணித்து வெளியே நெட்டையை வைத்துக் கட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். ஒரு காம்பை இழுத்துப் பார்க்க வேண்டும், வரக் கூடாது. முகர்ந்து பார்க்க வேண்டும், பூசண வாடை அடிக்கக் கூடாது. பூ அடர்த்தியாக இருக்க வேண்டும். இந்தக் கடைசி விதியில்தான் நான் 26 வருஷமாகத் தவறிக்கொண்டிருந்திருக்கிறேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

இந்தப் பூவாரியல் எங்கள் மண்ணில் விளைவது இல்லை. மேகாலயாவின் மலைச்சரிவுகளில் பயிரிட்டு, தை முதல் பங்குனி வரை அறுத்துக் காயவைக்கும் ஒரு நெட்டைப் புல்லின் பூங்கொத்து அது. ஏறக்குறைய 3,000 கிலோமீட்டர் லாரியிலும் ரயிலிலும் வந்து எங்கள் கடைத்தெருவில் தொங்குகிறது. இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. எங்கள் பக்கத்துப் பனை மட்டையின் அடியில் கிழித்தெடுக்கும் தும்பு, தூத்துக்குடித் துறைமுகம் வழியாகக் கடல் கடந்து போய், வெளிநாடுகளில் தெரு பெருக்கும் முரட்டுத் தூரிகைகளாகிறது. நம்முடையது அவர்கள் தெருவைப் பெருக்குகிறது, மேகாலயாக்காரர்களுடையது நம் வீட்டைப் பெருக்குகிறது. பனந்தும்பை வைத்துப் பட்டுத் தூசியைப் பெருக்க முடியாது என்பது உண்மைதான். இருந்தாலும் சொல்லத் தோன்றுகிறது.

மனைவி பாளையங்கோட்டைக்குப் போன மறுநாள், சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிய பழைய பூவாரியலைப் பார்த்தேன். பூ என்று சொல்ல அதில் ஒன்றுமே இல்லை. முடி கொட்டிய தலை மாதிரி இருந்தது. ஒரு பக்கமாகச் சாய்ந்து தேய்ந்து, நுனி கறுத்திருந்தது. இதையா இத்தனை நாள் வைத்துப் பெருக்கினாள் என்று எனக்கு மனசு கேட்கவில்லை. ஒரு கணவனின் பரிவு அது. நேராகப் பின்வாசல் குப்பைக்குழிக்குக் கொண்டுபோய் எறிந்துவிட்டு, வள்ளியூருக்குப் போய்ப் புதிதாக ஒன்று வாங்கி வந்தேன். அடர்த்தியான பூ. விசிறி போல விரிந்து, பார்க்கவே லட்சணமாக இருந்தது.

அந்த லட்சணம் முதல் நாளே வீட்டை நாறடித்தது. தூசியை அள்ளுவதற்குப் பதிலாக அதுவே உதிர்ந்தது. பூவின் செதில்கள் பொன்னிறத் தவிடு மாதிரி அறை முழுக்கப் பரவின. அவற்றைப் பெருக்கப் போனால் இன்னும் கொஞ்சம் உதிர்ந்தது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று அடுத்த நாள் வேறு கடையில் இன்னொன்று வாங்கினேன். அதுவும் அப்படித்தான். பிறகு ஒரு பிளாஸ்டிக் இழைத் துடைப்பம். அது உதிரவில்லை. ஆனால் காய்ந்த காற்றில் டைல்ஸில் உரசி உரசி மின்னேறித் தூசியை இழுத்துப் பிடித்துக்கொண்டு, அடுத்த அறையில் கொண்டுபோய் விட்டது. பிறகு ஈச்ச ஓலையைச் சன்னமாகக் கிழித்துக் கட்டிய ஒன்று. பிறகு ஈர்க்கு வாரியல். மூன்று வாரத்தில் ஐந்து. வரவேற்பறையில் ஐந்தையும் சுவரோரம் வரிசையாகச் சாத்தி வைத்திருந்தேன், ஆயுத பூஜைக்கு அடுக்கியது மாதிரி.

அப்போதுதான் அந்தச் சோதனையைச் செய்தேன். ஐந்து டைல்ஸ் சதுரங்களில் முகத்துக்குப் போடும் பவுடரை மெல்லியதாகத் தூவி, ஒவ்வொன்றையும் ஒவ்வொரு வாரியலால் பத்துத் தடவை பெருக்கினேன். ஈர்க்கு, கோடு கோடாக நெற்றியில் திருநீறு பூசியது போல விட்டுவிட்டுப் போனது. அதைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. ஒவ்வொரு ஈர்க்கும் தரையை ஒரு புள்ளியில்தான் தொடுகிறது. இரண்டு புள்ளிகளுக்கு நடுவில் இருப்பது அப்படியே கிடக்கும். முற்றத்துச் சரளை மண்ணுக்கும் உதிர்ந்த வேப்பிலைக்கும் அதை மிஞ்ச ஆள் கிடையாது. ஈச்ச ஓலை அதைவிடத் தேவலை. பிளாஸ்டிக், பாதியைத் தன் மேல் பூசிக்கொண்டது. புதுப் பூவாரியல்கள் இரண்டும் பவுடரில் பெரும்பகுதியை அள்ளின. ஆனால் ஒரு வெள்ளைப் படலம் மிஞ்சியது, அதன் மேல் பொன் தவிடு வேறு. ஐந்துமே தோற்றுவிட்டன என்று முடிவு கட்டினேன். டைல்ஸ் இணைப்புகளில் பவுடர் இறங்கிவிட்டது. அதை எடுப்பதற்குள்தான் மனைவி தங்கை மகனுடைய காரில் வந்து இறங்கினாள்.

பழையது எங்கே?

கையில் கட்டோடு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நாலடி வைத்தாள். நின்றாள். ஒரு காலைத் தூக்கிப் பாதத்தைப் பார்த்தாள். "வீட்டை யார் பெருக்கியது?" என்று கேட்டாள். நான்தான் என்றேன். "எதை வைத்து?" என்றாள். சுவரோரம் காட்டினேன். ஐந்தையும் ஒரு பார்வை பார்த்தாள். அவற்றைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. "பழையது எங்கேங்க?" என்றாள்.

எறிந்துவிட்டேன் என்றதும் அவள் முகம் போன போக்கை நான் எதிர்பார்க்கவில்லை. கை முறிந்த அன்றுகூட அந்த முகம் இல்லை. "ஒன்றரை வருஷமாகப் பழக்கி வைத்திருந்தேன் அதை" என்றாள். தோசைக்கல்லைப் பழக்குவது என்று சொல்வார்கள், தெரியும். வாரியலைப் பழக்குவார்கள் என்று அன்றைக்குத்தான் கேள்விப்பட்டேன்.

குப்பைக்குழிக்கு ஓடினேன். நல்லவேளையாக எங்கள் பக்கம் ஆடியில் மழை கிடையாது; அன்று காலைவரை நான் ஏசிக்கொண்டிருந்த காய்ந்த காற்றுதான் அதைக் காப்பாற்றிக் கொடுத்தது. எதிர்வீட்டுக் கோழிகள் அதைச் சுற்றிக் கிளறிக்கொண்டிருந்தன. எடுத்து, உதறி, கைப்பிடியைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்தேன். அவள் இடது கையில் வாங்கி, நுனியைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். பிறகு அந்தப் பவுடர்ப் படலம் மிஞ்சியிருந்த ஒரு சதுரத்தில், பழக்கமில்லாத இடது கையால், அவசரமில்லாமல் மூன்று இழுப்பு இழுத்தாள். தரை தெரிந்தது. இணைப்பில் இறங்கியிருந்த வெள்ளைக் கோடுகூடப் பாதி போய்விட்டது.

நான் குனிந்து அந்த நுனியைப் பார்த்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு மறுபடியும் பார்த்தேன். பூவாரியல் என்று பெயர் இருப்பதால் பூதான் பெருக்குகிறது என்று நான் நினைத்திருந்தேன். அடர்த்தியான பூவாகத் தேடித் தேடி வாங்கியதும் அதனால்தான். பெருக்குவது பூ கிடையாது. பூவைத் தாங்கியிருந்த கிளைக்காம்புகள். பூவெல்லாம் உதிர்ந்த பிறகு, அந்த மெல்லிய கிளைகள் தரையில் தேய்ந்து தேய்ந்து நுனி பிளந்து, ஒன்று நாலாகி, பட்டு மாதிரி ஆகிவிடுகின்றன. தலைமுடியைவிடச் சன்னமான தூசியைத் தொட, அதற்குத் தகுந்த சன்னமான நுனி வேண்டும். புது வாரியலில் அந்த நுனியைப் பூ மூடியிருக்கிறது. ரொம்பவும் கிழடாகிவிட்டால் கிளை தேய்ந்து முரட்டுத் தண்டு மட்டும் மிஞ்சும், அதுவும் ஆகாது. நடுவயதில் ஒரு வருஷமோ ஒன்றரை வருஷமோ அது தன் முழு வேலையைச் செய்கிறது. நான் எறிந்தது அந்த நடுவயதை. ஒரு பக்கமாகச் சாய்ந்து தேய்ந்திருந்தது என்று சொன்னேன் அல்லவா, அது அவள் கை வாட்டத்துக்கும் உயரத்துக்கும் தேய்ந்திருந்தது. அதனால் தரையில் வைத்ததும் எல்லா நுனியும் ஒரே நேரத்தில் தொடுகிறது. என் உயரத்துக்கு அது கொஞ்சம் முரண்டு பிடிக்கும் என்பதும் பிறகு தெரிந்தது.

இத்தனை வருஷம் நான் வாங்கி வந்த வாரியல்களில் இந்தக் குறை எல்லாம் இருந்ததா என்று கேட்டேன். "வாங்கி வருகிறவரிடம் குறை சொன்னால் அடுத்த தடவை நீயே போய் வாங்கிக்கொள் என்பீர்கள்" என்றாள். ஒவ்வொரு புதுசையும் இரண்டு வாரம் மொட்டைமாடியில் வைத்துப் பழக்கிய பிறகே வீட்டுக்குள் கொண்டுவந்திருக்கிறாள். நான் அதைப் பார்த்ததே இல்லை. அல்லது பார்த்தும், மாடி பெருக்குகிறாள் என்று நினைத்திருப்பேன்.

விசிறுவதும் தூத்துவதும்

வாரியல் கிடைத்துவிட்டது, இனி மூன்று வாரம் நான்தான் பெருக்க வேண்டும். அதே வாரியலால் நான் பெருக்கினால் படலம் மிஞ்சியது. இது கொஞ்சம் அவமானமாக இருந்தது. அவள் கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அதுவே கை நடுக்கத்தைக் கொடுத்தது. எதிர்வீட்டு ஆச்சி, அவளைப் பார்க்க வந்தவள், திண்ணைப் படியில் நின்றபடியே கேட்டாள்: "ஏ ஐயா, நீ தூத்துகிறாயா, விசிறுகிறாயா?"

அந்தக் கேள்வியை நான் இரண்டு நாள் மனதில் போட்டு உருட்டினேன். என் கை ஒவ்வொரு இழுப்பின் முடிவிலும் மேலே எழும்பிக்கொண்டிருந்தது. மணலை ஓட்ட அந்த வீச்சு உதவும். தூசியை அது எழுப்பிவிடும். நுனி தரையை விட்டு எழும்பும்போது வளைந்திருந்த காம்புகள் சட்டென்று நிமிர்கின்றன. நிமிரும்போது ஒட்டியிருந்ததை எல்லாம் தெறித்துவிடுகின்றன. வெயில் சாய்வாக விழும் நேரத்தில் பெருக்கிப் பார்த்தபோது அது கண்ணுக்கே தெரிந்தது: ஒவ்வொரு வீச்சுக்கும் ஒரு சின்னப் புகை. அவள் பெருக்கும் விதம் வேறு. வாரியலைப் படுக்கைவாட்டில் சாய்த்துப் பிடித்து, தன் பக்கமாக இழுத்து, இழுப்பு முடிந்த இடத்தில் நுனியைத் தூக்காமல் ஒரு நொடி அங்கேயே அமுக்கி நிறுத்தி, பிறகு மெதுவாக எடுக்க வேண்டும். முன்னால் தள்ளக் கூடாது. பின்னால் நடந்துகொண்டே இழுக்க வேண்டும். மேற்கு ஜன்னலை அடைத்துவிட்டு, மேற்கு அறையில் தொடங்கிக் கிழக்கே வர வேண்டும். விசிறி ஓடக் கூடாது. காற்று விடியற்காலையில் கொஞ்சம் அடங்கியிருக்கும், பதினொரு மணிக்கு மேல் பேயாட்டம் ஆடும். ஆகவே ஆடி மாதத்தில் காலை ஆறு மணிக்குள் பெருக்கி முடித்துவிட வேண்டும். பெருக்கிய கையோடு துடைக்கக் கூடாது. எழும்பியது இறங்கட்டும் என்று அரை மணி நேரம் விட்டு, சொட்டாத அளவுக்குப் பிழிந்த துணியால் துடைக்க வேண்டும். தண்ணீர் சொட்டினால் தூசி சேறாகி, காய்ந்ததும் மறுபடி தூசியாகும்.

இதற்கெல்லாம் பிறகும் ஒரு கோடு மிஞ்சும். பெருக்கியவர்களுக்குத் தெரியும். குப்பையைப் பிளாஸ்டிக் முறத்தில் தள்ளிவிட்டு முறத்தை எடுத்தால், அதன் விளிம்பு இருந்த இடத்தில் மயிரிழை மாதிரி ஒரு தூசிக்கோடு. முறத்தைப் பின்னால் நகர்த்தி மறுபடி தள்ளினால் கோடும் பின்னால் நகரும். இப்படியே நான் ஒரு நாள் சமையலறையிலிருந்து வாசல் வரைக்கும் அந்தக் கோட்டைத் துரத்திக்கொண்டு போனேன். முறத்தின் விளிம்பு எவ்வளவு மெல்லியதாக இருந்தாலும் தூசிக்கு அது ஒரு மலை. செய்தித்தாளில் ஒரு பக்கத்தைக் கிழித்து, ஓரத்தை மட்டும் நனைத்துத் தரையில் ஒட்டவைத்தால் விளிம்பு என்று ஒன்று இல்லாமல் போய்விடுகிறது. தூசி தாளின் மேல் ஏறிவிடும், மிச்சமிருந்தால் ஈர ஓரத்தில் ஒட்டிக்கொள்ளும். அப்படியே சுருட்டிப் போட்டுவிடலாம். இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. கோட்டைத் துரத்தி அலுத்துப்போய் நானே கண்டுபிடித்தேன். மனைவியிடம் பெருமையாகச் செய்து காட்டினேன். அவள் அம்மா ஓலைப்பாயின் கிழிசலை நனைத்து அதையே செய்வார்களாம்.

ஆணியில் தொங்குவது

பராமரிப்பு என்று பெரிதாக ஒன்றும் இல்லை, இருப்பதை ஒழுங்காகச் செய்ய வேண்டும். புதுசை மொட்டைமாடிக்குக் கொண்டுபோய், காற்று போகிற திசையைப் பார்த்து நின்று கைப்பிடிச் சுவரில் தட்ட வேண்டும். ஓங்கி அடித்தால் கிளை ஒடியும், தட்டினால் பூ மட்டும் உதிரும். பிறகு அகலப்பல் சீப்பால் கழுத்திலிருந்து நுனிக்குச் சீவ வேண்டும். மாடியின் சிமெண்டுத் தரையை ஒரு பத்து நாள் அதை வைத்தே பெருக்கினால் நுனி தேயத் தொடங்கும். நிறுத்தி வைக்கக் கூடாது; அதன் எடையிலேயே நுனி மடங்கிக் கூன் விழுந்துவிடும், பிறகு நிமிராது. கைப்பிடியில் கயிறு கோத்துத் தலைகீழாகத் தொங்கவிட வேண்டும். பூவாரியலில் தண்ணீர் படக் கூடாது. பட்டுவிட்டால் அன்றே வெயிலில் உலர்த்த வேண்டும், இல்லாவிட்டால் கழுத்துக்குள் பூசணம் பூத்து உள்ளிருந்தே உளுத்துப்போகும். நுனியில் சிக்கிய தலைமுடியை வாரத்துக்கு ஒரு நாள் கையால் உருவி எடுக்க வேண்டும். பெருக்கி முடித்ததும் பின்வாசலில் இரண்டு தட்டுத் தட்டாமல் உள்ளே தொங்கவிட்டால், நேற்றைய தூசியை இன்றைக்குப் பூசிவிடும்.

ஈர்க்கு வாரியலின் கதை தனி. ஒரு தென்னோலையில் 200க்குக் குறையாமல் இலைக்கீற்று இருக்கும். ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரு ஈர்க்கு. காய்ந்து விழுந்த ஓலையில் சீவியது சீக்கிரம் முறியும். பச்சை ஓலையில் சீவி வெயிலில் காயவைத்தது வளையும், முறியாது. கட்டு தளர்ந்தால் அடிப்பக்கத்தைக் கல்லில் தட்டி மட்டப்படுத்தி, நடுவில் ஒரு குச்சியை அடித்து இறக்கினால் இறுகிவிடும்; மேலே பழைய சைக்கிள் டியூபில் வெட்டிய வளையம் ஒன்று. அதற்கு வயதாக ஆக வேலையும் மாறும். நீளமாக இருக்கும்போது முற்றம். தேய்ந்து குட்டையானதும் தண்ணீர் ஊற்றித் தேய்த்துக் கழுவப் பின்கட்டு. பிறகு குளியலறை, அதற்குப் பிறகு சாக்கடை. கடைசியில் வெந்நீர் அடுப்பு. எந்த வாரியலும் ஒரு படி கீழே போன பிறகு மேலே வர முடியாது. முற்றத்து வாரியலைத் தெரியாமல் நடுவீட்டுக்குள் எடுத்துவந்து நான் வாங்கிய ஏச்சில்தான், முன்னே சொன்ன அந்த விளக்குமாறு என்ற சொல்லைக் கேட்டேன்.

ஆடிக் கடைசியில் கட்டுப் பிரித்தார்கள். கை கொஞ்சம் மெலிந்திருந்தது, விரல்கள் விறைப்பாக இருந்தன. இன்னும் ஒரு மாதம் கனமானது எதையும் தூக்கக் கூடாது என்றார் மருத்துவர். வாரியல் கனமானதா என்று நான் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, பெருக்குவதும் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தார். இதற்குள் பழைய வாரியல் என் உயரத்துக்கு வேறு பக்கமாகத் தேயத் தொடங்கியிருந்தது. அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "கெடுத்துவிட்டீர்கள்" என்றாள், கோபம் இல்லாமல். இனி அது என்னுடையது என்று தனி ஆணி அடித்துக் கொடுத்தேன்.

அவளுக்கு வேறொன்று வேண்டும். சுவரோரம் நின்ற இரண்டு பூவாரியல்களில் அடர்த்தி குறைவானதை அவளே தேர்ந்தெடுத்தாள். பத்து நாள் மாடியில் தட்டிச் சீவிக் கொண்டுவந்து நீட்டினேன். இடது கையில் வாங்கி நுனியைக் கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். "இன்னும் ஒரு வாரம்" என்றாள். மறுபடியும் மாடிக்குப் போனேன். மேற்கே காற்றாலைகள் அத்தனையும் சுற்றிக்கொண்டிருந்தன. சுவரில் தட்டினேன், பொன் தவிடு பறந்து கிழக்குத் தெரு பக்கமாகப் போயிற்று.